கடைத்தெருவின் வயது

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் குடை விற்காது. குடைக்கடை வைத்துப் பார்த்த ஒருவர் ஒரே இடவப்பாதி மழையோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு மார்த்தாண்டம் போய்ச் சேர்ந்தார். திருவட்டாற்றிலிருந்து திற்பரப்புக்குப் போகிற வழியில், மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஊர். மேலே மேகம் உட்கார்ந்தால் கீழே எங்கள் தலையில்தான் கொட்டும். ஆனாலும் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் இறங்குகிறவன் தெருவின் மறு கோடியில் இருக்கும் சந்தை முக்கு வரை ஒரு சொட்டு நனையாமல் நடந்து போகலாம். தெருவின் இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் ஓடு வேய்ந்த சாய்ப்பு இறக்கி, மரத்தூண் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு கடையின் சாய்ப்பு முடிகிற இடத்தில் அடுத்த கடையின் சாய்ப்பு தொடங்கும். நடுவில் விரல் நுழைய இடைவெளி விடக்கூடாது என்பது தெருவின் வழக்கம். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், இருந்தார்கள். அவர்களுடைய ஓடுகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

அந்தச் சாய்ப்பின் கீழே ஆறடி இடத்தில் என் பிழைப்பு நடந்தது. நான் தையல்காரன். எனக்குப் பெண் கொடுத்த மாமனார் நகைக்குப் பதிலாக ஒரு தையல் மிஷின் கொடுத்தார். நகை கழுத்தில் சும்மா கிடக்கும், மிஷின் சோறு போடும் என்றார். மிஷினை எங்கே போடுவது என்று அவர் சொல்லவில்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சிதான் தன் கடைக்கு முன்னால், தூணுக்கும் படிக்கும் நடுவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். வாடகை வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் வீட்டுத் தலையணை உறை, பிள்ளைகளின் பள்ளிக்கூட நிக்கர், ஓணத்துக்கும் கிறிஸ்மஸுக்கும் கடை முன்னால் கட்டுகிற படுதா எல்லாம் என் பாடு. அண்ணாச்சியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இடம் அவ்வளவுக்கும் தகுந்த இடம். உள்ளே சீட்டித் துணி எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். என் வீடோ தெருவிலிருந்து ஒரு மைல், வயல் வரப்பு தாண்டி. அங்கே மிஷினைப் போட்டால் வாத்துகளுக்குத்தான் சட்டை தைக்க முடியும். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம்.

இந்த நேரத்தில் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மலையிலிருந்து மரத்தடி ஏற்றிக்கொண்டு இறங்குகிற லாரியும் கீழிருந்து ஏறுகிற பஸ்ஸும் எங்கள் தெருவில் நேருக்கு நேர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். யார் போவது என்பதை முடிவு செய்ய கண்டக்டரும் கிளீனரும் இறங்கிப் பேசுவார்கள். பேச்சு முடிவதற்குள் பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி வெற்றிலை வாங்கி, தலைவலிக்குத் தைலம் வாங்கி, சிலர் என்னிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுக்கூடப் போயிருக்கிறார்கள். தெருவில் இதனால் யாருக்கும் குறை இருந்ததில்லை. குறை லாரிக்காரர்களுக்கு இருந்தது. அவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

தக்கலையிலிருந்து சாலை ஓவர்சியர் வந்தார். ஒல்லியான மனிதர், மலையாளி, தமிழைக் கொஞ்சம் வளைத்துப் பேசுவார். சங்கிலியைப் பிடித்து அளந்து, சுவரை ஒட்டித் தரையில் செங்காவிக் கோடு போட்டுக்கொண்டே போனார். கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் போகும். சாய்ப்பு முழுக்க வெளியே இருந்தது. நான், மிஷின், என் முக்காலி, கத்திரிக்கோல் தொங்கவிடும் ஆணி எல்லாம் வெளியே இருந்தோம். கோடு போட்ட ஆள் என் காலை நகர்த்தச் சொல்லி, காலுக்கு அடியிலும் விடாமல் போட்டான்.

அன்று மத்தியானம் ஜவுளிக்கடைக்குள்ளே கூட்டம். அண்ணாச்சி ஒரு வழக்கு விஷயமாகத் தக்கலைக்குப் போனபோது பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் கொட்டாரத்தை, ராஜாக்களின் பழைய அரண்மனையை, பார்த்துவிட்டு வந்திருந்தார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

"பழசுன்னா சர்க்காரு தொடாது" என்றார். "கொட்டாரத்தத் தொட்டாவளா? அங்ஙுன ஒரு சன்னலு ஆடுச்சுன்னா திருவனந்தரத்துல இருந்து ஆளு வந்துல்லா பிடிச்சு நிறுத்துகான். நம்ம தெருவும் பழசுதானே? அத எழுதிப் போட்டா தீந்துது."

கேட்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மனு மலையாளத்தில் போக வேண்டும். எனக்கு மலையாளத்தில் ஏழாம் வகுப்பு, கையெழுத்தும் நன்றாக இருக்கும். ஆகவே எழுதுகிற வேலை எனக்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காலையில் அந்தக் கூட்டத்துக்குக் கொடி தைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திருவனந்தபுரத்துக்கு மலையாளத்தில் மனு எழுதினேன். இரண்டுக்கும் ஒரே மிஷின் பலகைதான்.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கடையின் வயதைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வைத்தியர் வந்தார். அவர் கடை வாசலின் மேல் உத்திரத்தில் தாமரை மொட்டும் அதற்குக் கீழே கொல்லம் ஆண்டும் செதுக்கியிருக்கும். அவருடைய பாட்டனார் கட்டிய கடை. உத்திரத்தைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, எண்பது வருஷம் என்றார். எண்பது என்று எழுதினேன்.

அடுத்தது அண்ணாச்சி. எதிர்ப்பக்கத்துக் கடை எண்பது என்றால் தன்னுடையது நூறாவது இருக்கும் என்றார். உப்புக்கடைக்காரர் நூற்றைம்பது என்றார். சாயாக்கடைக்காரர் இருநூறு என்றார். எங்கள் மலையில் தேயிலை நட்டே அவ்வளவு காலம் ஆகவில்லை. மண்ணெண்ணெய்க் கடைக்காரர் இருநூற்றைம்பது என்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பம் மண்ணெண்ணெ எங்க இருந்து?" என்று கேட்டேன்.

"எண்ணெ இல்லன்னா என்னடே? கடை இருந்துல்லா?" என்றார்.

கடைசியில் வந்த கொல்லுப்பட்டறைக்காரர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் கதவுக்கு ஆணி அடித்துக் கொடுத்ததே தங்கள் பட்டறைதான் என்றார். கோயிலுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். "அத விட ஒண்ணு ரெண்டு கூடப் போடு, ஆணிய முன்னாலல்லா அடிக்கணும்" என்றார். போட்டேன். இப்படியாக, உண்மையான அத்தாட்சி வைத்திருந்த ஒரே கடையான வைத்தியர் கடை மனுவில் எல்லாவற்றிலும் இளைய கடையாக ஆயிற்று. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, தன் எண்பதை முந்நூறாக்கச் சொன்னார். உத்திரத்தில் எழுதியிருக்கிறதே என்றேன். முகம் வாடிப் போனார்.

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மனுவின் மூன்றாம் பத்தியில், முற்காலத்தில் மகாராஜாவின் யானை எங்கள் சாய்ப்பின் கீழ் மழைக்கு ஒதுங்கி நின்றதாகக் கேள்வி என்று நானே ஒரு வரி சேர்த்தேன். யானை நிற்கிற உயரம் சாய்ப்புக்குக் கிடையாது. ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது, அடிக்க மனம் வரவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். யானை வரைக்கும் பேசாமல் கேட்டாள். முடித்ததும், "அதுல எனக்க மிஷின் எங்கயாம் வருதா?" என்றாள்.

"வரல்ல. தெரு நின்னா மிஷினும் நிக்கும்லா."

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிய. நமக்கு ஒரு வரி எழுதினா கை நோவுமா?"

ஒரு ராஜாவின் யானைக்குப் பக்கத்தில் ஒரு தையல் மிஷினை எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. அது தெரு சம்பந்தமான மனு என்று சொன்னேன். "அது செரி" என்று சொல்லிவிட்டு மரச்சீனிக் கிழங்கு வெட்டப் போனாள். எங்கள் பக்கத்தில் அது செரி என்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

பதில் சீக்கிரமே வந்தது. புளியமரத்தில் ஒட்டியிருந்தார்கள். என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். நம்பாமல் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள். மனுதாரர்கள் தாங்களே எழுதிக் கொடுத்தபடி இந்தத் தெருவின் கட்டடங்கள் எல்லாம் மிகப் பழையவை, மண்சுவரும் மரமும் கொண்டவை, எந்த நேரமும் விழக்கூடியவை, ஆகவே பொதுமக்களுக்கு ஆபத்து. சாய்ப்பு மட்டுமல்ல, கடைகளையும் சோதித்துப் பார்த்து, நிற்கத் தகுதி இல்லாதவற்றை இடிக்க உத்தேசம். இதுதான் விஷயம்.

பிறகு மண்ணெண்ணெய்க் கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீ எதுக்குலே இருநூத்தம்பதுன்னு எழுதின?" என்றார்.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். முந்நூறு வருஷத்துத் தெரு ஒரே மாதத்தில் இளமையாகிவிட்டது. மண்சுவருக்கு மேலும் சாய்ப்பின் தரையிலும் சிமெண்டு பூசினார்கள். தேக்குக் கதவுகளுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அண்ணாச்சி தன் கடை முகப்பில் அந்த வருஷத்து இங்கிலீஷ் தேதியைக் கொட்டை எழுத்தில் சிமெண்டில் வார்த்து, பக்கத்தில் ஒரு கைகூப்பிய பெண்ணையும் வைத்தார். தூண்களின் செதுக்கு வேலையில் ஏறி விளையாடிக் கிடந்த மரக்கிளிகளும் கொடிகளும் சிமெண்டுக்குள் போயின. மலைக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து மாசத்துக்கு ஒரு முறை இறங்குகிற கிழவர் ஒருவர், ஊர் மாறி இறங்கிவிட்டதாக நினைத்து மறுபடி பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வைத்தியர் கடைசிவரை பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் காலையில் ஏணி போட்டு உளியும் கொட்டாப்புளியுமாக உத்திரத்தில் ஏறி நின்றார். நான் மிஷினை விட்டு எழுந்து ஓடினேன்.

"வைத்தியரே, அது ஒண்ணுதான் நெசம். அதையாவது விடும்" என்றேன்.

"எல்லாரும் நேத்துப் பிறந்தவனா நிக்கான். இது கெடந்தா நான் மட்டும் கெழவனா நிப்பேன் பிள்ளே" என்று சொல்லிவிட்டுக் கொத்தத் தொடங்கினார். பலாமரம், இறுகிப் போயிருந்தது. ஆண்டு போக அரை மணி நேரம் ஆயிற்று. தாமரை மொட்டை விட்டு வைத்தார், பிறகு யோசித்து அதையும் கொத்தினார். எனக்குத் தாங்க முடியவில்லை. அவர் பாட்டனாரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண்களை யாரோ பொறுமையாக உட்கார்ந்து செதுக்கியிருந்தார்கள், வளைவுகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. அதைக் கெடுத்தது என் மனுதான்.

இரண்டாவது மனுவையும் நான்தான் எழுதினேன். எங்கள் தெருவில் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடமே கிடையாது என்றும், முதல் மனு தகுந்த விசாரணை இல்லாமல் எழுதப்பட்டுவிட்டது என்றும் எழுதினேன். யானையைச் சேர்க்கவில்லை.

ஓவர்சியர் மறுபடி வந்த அன்று நல்ல மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி சாய்ப்புக்குள் நுழைந்தவர், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார். திரும்பி வந்து, ஜவுளிக்கடை முன்னால் என் மிஷின் பலகைமேல் கோப்பைப் பிரித்து வைத்தார். கடைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோப்பில் இரண்டு மனுக்களும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தன. அவர் ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் மற்றதையும் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் வாசித்தார்.

"உப்புக்கடை. நூற்றைம்பது வருஷம். உப்புக்கடை, நாலு வருஷம். சாயாக்கடை, இருநூறு. சாயாக்கடை, போன வருஷம்." நிமிர்ந்தார். "எழுதியது ஆரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்தத் தெருவில் அதற்கு முன் நான் கண்டதில்லை.

"கையெழுத்து நல்லாயிட்டுண்டு" என்றார் ஓவர்சியர்.

பிறகு அவர் சொன்னது இது. கடைகளின் பட்டா சுவரோடு முடிகிறது. சாய்ப்பு நிற்கிற இடம் சாலைப் புறம்போக்கு. கட்டடம் பழசு என்றால் ஆபத்து என்று இடிக்க வேண்டும். புதுசு என்றால் புறம்போக்கில் அனுமதியில்லாமல் கட்டியதற்காக இடிக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டார். ஓவர்சியர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை சாய்ப்புகளையும் ஆள் வைத்துப் பிரிக்க வேண்டியவர் அவர்தான். அந்த மழையில் அந்த வேலை அவருக்கும் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். நான் ஒரு வழி சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். சாலை இத்தனை அடி அகலம் வேண்டும் என்பதுதான் உத்தரவு. சாய்ப்பின் கீழே இருப்பது கடையின் வராந்தா இல்லை, ஜனங்கள் நடக்கிற வழி என்று ஆகிவிட்டால் அதுவும் சாலைதான். அப்போது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் சாலை. இப்போதே உத்தரவுக்கு மேலேயே அகலம் இருக்கிறது. சாலைக்குக் கூரை இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. தூண்களைச் சுமைதாங்கி என்று எழுதிக்கொள்கிறேன், சாலையில் சுமைதாங்கி நிற்கலாம்.

லாரிகளுக்கு மட்டும் இதை யாரும் விளக்கவில்லை. அவை அதற்குப் பிறகும் பழையபடி பின்னால்தான் போய்க்கொண்டிருந்தன.

"பக்ஷே, ஜனங்கள் இதில் தடையில்லாமல் நடக்கிறார்கள் என்று கடைக்காரர் அல்லாத ஒருவர் சொல்லணும்" என்று ஓவர்சியர் ஒரு ஆனால் போட்டார்.

என் மிஷினுக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஒரு பெண் ஓலைக் கடவத்தை இறக்கிவைத்துவிட்டுக் குந்தியிருந்தாள். மலையடிவாரத்திலிருந்து மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாயும் கொண்டுவந்து விற்கிறவள். மழை வந்தால் அந்த இடத்தில்தான் உட்காருவாள். எனக்கு அவளை ஐந்தாறு வருஷமாகத் தெரியும், அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி அவளைக் கைகாட்டிவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் தானே சொல்லத் தொடங்கினார்.

"எழுது மக்கா. ஆதிகாலம் தொட்டு, எந்த வித்தியாசமும் பாராம, சகல ஜனங்களும் இதுக்க கீழ நடந்து வாறாவ. இவ அம்மை, அம்மைக்க அம்மை, எல்லாரும் நடந்திருக்காவ. செரிதானே?"

அவள் எழுந்திருக்கவில்லை. "எனக்க அம்மையா?" என்றாள்.

"ஆமா."

"எனக்க அம்மை அந்தப் புளியமரத்துக்கு அங்ஙுன நின்னு கூப்பிட்டுத்தான் விப்பா. ஆளு வந்து எடுத்துட்டுப் போவும். மழையிலயும் அங்ஙுனதான். கடவத்துக்கு வாழை எலை வெட்டிப் போடுவா, அவளுக்குப் போட மாட்டா. இதுக்க கீழ அவ ஒரு நாளும் கேறினதில்ல."

ஓடுகளில் விழுகிற மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. வைத்தியர் எதிர்ப்பக்கம் பார்த்தார். நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கினவனை எங்கள் தெருவில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்று நானே முதல் மனுவில் பெருமையாக எழுதியிருந்தேன். ஒதுங்க விடாதவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அவள் தினம் என் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

"பிறகு எப்போ முதல் இங்கே வருகிறாய்?" என்று ஓவர்சியர் கேட்டார்.

"மகாராஜா கோயில எல்லாருக்கும் தொறந்து விட்டாவல்லா, அதுக்கு அடுத்த மழைக்கு. முத நாளு ரெண்டு பேரு மொறைச்சாவ. நான் போவல்ல. மூத்தவன் அப்பம் வயித்துல. இப்பம் அவன் எஸ்டேட்டுல ரப்பர் பால் வெட்டப் போறான். அன்னையில இருந்து இருக்கேன். உள்ளத எழுதுனா கைநாட்டு வைக்கேன். அம்மைய எழுதுனா வைக்க மாட்டேன்."

ஓவர்சியர் மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்த்தார். "இது போதும். தாராளம்" என்றார்.

இருநூறும் முந்நூறும் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒரு பிள்ளை வளர்ந்து பால் வெட்டப் போகிற காலம் போதுமாக இருந்தது. அதற்காகத்தான் மரக்கிளிகளைச் சிமெண்டில் புதைத்து, உத்திரத்தைக் கொத்தி, இவ்வளவும் செய்திருந்தோம். அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். புளியமரத்தையும் எழுதினேன். அண்ணாச்சி அது வேண்டாமே என்பதுபோல இருமினார். நான் அடிக்கவில்லை. அவள் கட்டைவிரலில் மையைத் தேய்த்து, நிதானமாக வைத்தாள்.

"ஒரே ஒரு காரியம்" என்றார் ஓவர்சியர். "வழி என்றால் வழியாக இருக்கணும். இங்கே கச்சவடம், தொழில் ஏதாவது உண்டா? உண்டென்றால் அது வழியல்ல, கடை. அப்போ எல்லாம் பிரிக்கணும்." கேட்கும்போது அவர் கை என் மிஷினின் சக்கரத்தின்மேல் இருந்தது. சக்கரத்தைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். "நான் கண்டதை எழுத மாட்டேன். நீங்கள் எழுதியதைத்தான் எழுதுவேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மற்ற எல்லோருக்கும் எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது என்பது அவர்கள் பார்வையைத் திருப்பிய வேகத்தில் தெரிந்தது. உப்புக்கடைக்காரர் கூரை ஓடுகளை எண்ணினார். அண்ணாச்சி தன் கடையின் பச்சைக் கதவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளே அவர் கடையில் என் மிஷினைப் போல நாலு மிஷின் போடலாம். அதை அவரும் அறிவார். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

நான் பெரிய மனசுக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உண்டு என்று எழுதினால் சாய்ப்பு போகும், அதோடு என் இடமும் போகும். இல்லை என்று எழுதினால் என் இடம் மட்டும் போகும். எப்படிப் பார்த்தாலும் என் இடம் போகிறது. அந்த அக்கா மறுபடி மழையில் நிற்க வேண்டாம் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன். ஆனால் அதைவிட அதிகமாக நினைத்தது வீட்டைத்தான். என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. மிஷின் வருதா என்று கேட்டாளே, இதோ வரப் போகிறது, இல்லை என்ற ஒரே சொல்லாக. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டையும் காட்டிக்கொள்ள அங்கே இடம் இல்லை.

தொழில் எதுவும் நடைபெறவில்லை என்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஓவர்சியர் என் மிஷின் பலகையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, கோப்பைக் கட்டினார். மழை விட்டதும் இன்னொரு தடவை சுற்றி வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு சாயாக்கடைப் பக்கம் நடந்தார். கூட்டம் கலைந்தது. அக்கா மட்டும் எழுந்து, என் முக்காலியையும் கத்திரிக்கோலையும் எடுத்துத் தன் கடவத்தில் வைத்துக்கொண்டாள்.

நான் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். இரும்புக் கால், ஒற்றை ஆளால் முடியாது. அண்ணாச்சி படியிறங்கி வந்து மறு பக்கத்தைப் பிடித்தார். அத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அன்றுதான். ஏதோ சொல்லப் போகிறார் என்று முகத்தைப் பார்த்தேன்.

"பைய மக்கா" என்றார். "புதுத் தளத்துல வரை விழாம எடு."

நானும் ஒரு கீறல் விழாமல்தான் எடுத்தேன்.